தூங்காதிருக்க ஒரு மாத்திரை

"டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் பவரா ஒரு மாத்திரை எழுதுங்க. இவுக தூங்கக் கூடாது, அவ்வளவுதான்!"

புருஷன் சங்கரசுப்பு நாற்காலியில் உட்காரும் முன்பே இசக்கிசெல்வி ஆரம்பித்துவிட்டாள். காலையிலிருந்தே சங்கரன்கோவிலில் கரண்ட் இல்லை. டாக்டர் பாத்திமா ஹனா அட்டையால் விசிறிக்கொண்டார்.

"இன்னும் பவராவா? ஏற்கெனவே என்ன சாப்பிடுதாரு?"

"இந்தாங்க, லாரிக்காரரு துரைப்பாண்டி அண்ணாச்சி குடுத்த மாத்திரை. தறி வேலைக்குச் சேந்து மூணு மாசமாச்சு, தினமும் தூங்குதாக. இழை அறுந்தது தெரியாம சேலை சேலையா வீணாப்போவுது. இன்னொரு தடவ தூங்குனா வீட்டோட இருந்துக்கோன்னுட்டாரு முதலாளி."

"மாத்திரை கேட்டுச்சா?"

"நெஞ்சு படபடங்குது, தல வலிக்கி" என்றான் சங்கரசுப்பு.

"ராத்திரி ரெண்டு மணிக்குப் பரண்ல கெடந்த அண்டாவ எறக்கி வெளக்குதாக டாக்டரம்மா! தறிக்குப் போனா மட்டும் பழையபடி தூக்கம்."

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார். "அடுத்த ஆளு மாத்திரைய வாங்கி முழுங்கலாமா? அடக்க முடியாத பகல் தூக்க வியாதிக்கு, ராத்திரி ஷிப்டு பாக்கவங்களுக்குன்னு சோதிச்சுக் குடுக்கது அது. பிரஷர் ஏறும், இருதயத்துக்கு ஆகாது. இன்னையோட நிறுத்துங்க. தூக்கம் ஏன் வருதுன்னு மொதல்ல பாப்போம். கொறட்ட உண்டா?"

"பூனை மாதிரி படுப்பாக."

"பன்னெண்டு வருசம் பம்பாய்க்கு லாரி ஓட்டுனேன், ஒருநாள் கண்ணசந்ததில்ல" என்று சங்கரசுப்பு நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு தடவ புனே பக்கம் ஒரு போலீஸ்காரன் கைகாட்டுனான் பாருங்க..."

அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. பின்தெரு விசைத்தறிகள் தடக் தடக்கென்று கிளம்பின.

"கிட்ட வந்து... என்ன கேட்டான்னா..."

சங்கரசுப்புவின் தலை மேஜையில் சாய்ந்தது. கட்டைவிரல் வாய்க்குள் போனது.

டாக்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சத்தம் அடங்கியது.

"...லைசென்ஸ் எங்கன்னான்!" என்று நிமிர்ந்தான் சங்கரசுப்பு.

டாக்டர் ஜன்னலைத் திறந்தார். தலை மறுபடி சாய்ந்தது. விரலும் மறக்காமல் போனது.

"போச்சு, வேலை போச்சு!" இசக்கிசெல்வி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"போகாது" என்று டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி நீட்டினார். 'காதில் வைக்க ரெண்டு உருண்டை பஞ்சு' என்றிருந்தது. "ஏம்மா, உங்க மாமியா என்ன வேலை பாத்தாங்க?"

"இதே தறி வேலைதான். வீட்டுல புள்ளய பாக்க ஆளில்லன்னு, இவுகளுக்கு அஞ்சு வயசு வரைக்கும் தறிக்குப் பக்கத்துலயே தொட்டில் கட்டித்தான் தூங்க வச்சாகளாம்!"