முதல் வாய்

“கஞ்சி ஆறுது, குடுங்க அக்கா…”

“என் நாக்குல படாம உங்க நாக்குல படாது, இளவரசே. அடுப்படிக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா. கையை எடுங்க.”

“எனக்கு யார் விஷம் வைக்கப்போறா? ராஜாங்கமே போயாச்சு! என்னைக் கொன்னா யாருக்கு என்ன லாபம்?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஓக்ஜு வெள்ளிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கொரிய அரண்மனையில், இளவரசர் பால்குடி மறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் முதலில் ருசி பார்த்தவள் அவள். மற்ற பணிப்பெண்கள் எல்லோரும் போன பிறகும் பின்கட்டில் அவரோடு தங்கிவிட்டவள்.

“கொல்லக்கூட ஆளில்லாத வீட்டுல எனக்கென்ன வேலை? பூசான் பட்டணத்துல இருக்கிற தங்கச்சி மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். போறேன்.”

விளையாட்டு என்றுதான் இளவரசர் நினைத்தார். அவளோ துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். ஜன்னலுக்கு அப்பால், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவருடைய அப்பாவின் சிம்மாசனத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைக்கு முடிச்சு விழுந்துவிட்டது. அவள் செருப்பைத் தேடிக் குனிந்தபோது, இளவரசர் அவசரமாகக் கரண்டியை எடுத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு முந்தி ஒரு வாய் சாப்பிட்டார். பைன் பருப்பு அரைத்து, தேன் விட்ட கஞ்சி. அவருக்குப் பிடித்த பக்குவத்தில் தித்தித்தது.

முகத்தை நன்றாகச் சுளித்துக்கொண்டார்.

“அக்கா, இது கசக்குதே. யாரோ என்னமோ கலந்திருக்காங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”