நாற்பத்தொன்றாவது தலை

வகுப்பறைக் கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க வந்து நின்றாள் மதுவந்தி.

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டியேம்மா."

மாணவர்கள் சிரித்தார்கள். பகுதிநேர விரிவுரையாளர் செண்பகவல்லிக்கு மகளைப் பார்த்ததில் பெருமைதான். "மழை விடட்டும். கடைசி பெஞ்சுல உக்காரு" என்றாள்.

பாடம் முடிந்ததும் வழக்கம்போல் விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். "நாப்பத்தொண்ணு" என்று மேசைமேல் இருந்த வருகைக் கருவியிடம் சொன்னாள். அது எல்லா முகங்களையும் பதிவுசெய்துகொண்டது.

முதல் பெஞ்ச் மாணவி பதறி எழுந்தாள். "மேடம், நாங்க நாப்பது பேர்தான். உங்க பொண்ணையும் சேர்த்துட்டீங்க."

செண்பகவல்லியின் முகம் வெளுத்தது. பகுதிநேர ஆசிரியர்கள் கல்லூரிச் சுமையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நிர்வாகம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. மணி அடித்ததும், கருவியில் பதிவான அத்தனை பேரும் அந்த ஆசிரியரின் நினைவிலிருந்து போய்விடுவார்கள். அடுத்த வகுப்பில்தான் திரும்ப வருவார்கள்.

"ஒரு பேரை எடுக்கணும்" என்றாள் கருவியிடம்.

"திருத்துவதற்கு நிரந்தர ஆசிரியரின் கைரேகை தேவை."

அவள் கடைசி பெஞ்சுக்கு ஓடி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது.

பிடி மெல்லத் தளர்ந்தது.

"அம்மா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று மதுவந்தி விசும்பினாள்.

செண்பகவல்லி கனிவோடு அவள் தோளைத் தட்டினாள்.

"அழாதம்மா. உங்கம்மா நம்பரைச் சொல்லு, நான் பேசுறேன்."