எட்டு நாள் முதலாளி

"சாவியையும் கொடுங்க சார்."

நாலு வருஷமாகக் கேட்கவே கூடாது என்று மேனேஜர் சொல்லிவைத்திருந்ததை வசந்தகுமாரி கேட்டேவிட்டாள்.

மேனேஜர் கல்யாணசுந்தரம் டீயைக் கீழே வைத்தார். "சும்மா இரும்மா," என்று பல்லைக் கடித்தார். "இது வெறும் சடங்கு. கையெழுத்தப் போட்டமா, வேலையப் பாத்தமான்னு இரு."

எதிரில் உட்கார்ந்திருந்த யூத மதகுரு ரப்பிக்குத் தமிழ் தெரியாது. பல்லைக் கடித்தது தெரிந்தது.

வளைகுடா நகரம் ஒன்றில், சத்வாவின் பின்தெருவில், யூதர்களின் உணவு விதிப்படி சமைத்து ஹோட்டல்களுக்கு அனுப்பும் கேட்டரிங் கிச்சன் அது. இன்று பொழுது சாய்ந்தால் பெஸக் பண்டிகை. எட்டு நாளுக்கு ஒரு யூதரின் உடைமையில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் முதலாளிக்கோ ஸ்டோர் ரூம் நிறைய மைதா, ரவை, பாஸ்தா, பிஸ்கட். அதனால் பண்டிகை தொடங்கும் நாள் காலையிலேயே ரப்பி அவர் சார்பில் அத்தனையையும் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார். எட்டு நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

வாங்குகிற ஆள் வசந்தகுமாரி. பி.எஸ்சி. உணவு அறிவியல். விருதுநகர் லோடுமேன் மகள், குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். இங்கே பட்டியல் அடிப்பதும், வருஷத்தில் எட்டு நாள் பெயருக்கு முதலாளியாவதும் வேலை.

அவளுடைய வருஷமே அவர்கள் பண்டிகைகளாகத்தான் ஓடியது. புத்தாண்டுக்கு ஆப்பிளும் தேனும் அடுக்கினாள், ஆயுத பூஜை போனது. கூடாரப் பண்டிகைக்கு, ஹோட்டல் மாடியில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி ஈச்ச ஓலை வேய ஆள் பிடித்தாள், தீபாவளி போனது. விளக்குப் பண்டிகைக்கு டோனட் பொரித்தாள், கார்த்திகை போனது.

பண்டிகைகள்மேல் அவளுக்குக் கோபமில்லை. பெரிய நோன்புக்கு முன்பு ரப்பி கிச்சனுக்குள் வந்து, பாத்திரம் கழுவும் ராஜிக் வரைக்கும் ஒவ்வொருவரிடமும், மனம் நோகச் செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பார். கல்யாணசுந்தரம் மூலையில் நின்று சிரிப்பார். அதுவும் அவருக்கு வெறும் சடங்கு.

போன பெஸக்கின்போது அவள் அப்பா செத்துப்போனார்.

"பெஸக் முடியட்டும்மா. போனவரு திரும்பியா வரப்போறாரு?" என்றார் கல்யாணசுந்தரம்.

அப்பா எரிவதை மைதா மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஃபோனில் பார்த்தாள். கொள்ளி வைத்தவன் சித்தப்பா மகன். பெற்றவள் நான், தலைத் திவசத்தையாவது என் மகள் கொடுக்கட்டும் என்று அம்மா ஊரோடு சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

அப்பா போனது பௌர்ணமியில். பெஸக் வருவதும் பௌர்ணமியில். நாளை திதி.

மூன்று தடவை லீவு கேட்டாள். மூன்று தடவையும் இல்லை. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருந்தது. ஊழியர் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நாட்டின் சட்டம். அதைத் திருப்பிக் கேட்டவர்களை மறுநாளே தொலைவில் உள்ள புஜைரா தொழிலாளர் கேம்ப் கிச்சனுக்குத் தூக்கியடிப்பது கல்யாணசுந்தரத்தின் சட்டம்.

இன்றைய விருந்தின் மெனு அட்டையில் 'விடுதலைத் திருநாள்' என்று அச்சடித்ததும் அவள்தான். எகிப்தில் அடிமையாக இருந்தவர்கள், பிசைந்த மாவு புளிக்கிற வரைகூடக் காத்திராமல் கிளம்பிப் போன நாளாம். படிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சாவியை மறுபடி ஆங்கிலத்தில் கேட்டாள். ரப்பி கல்யாணசுந்தரத்திடம் ஆங்கிலத்தில் கேட்டார். "போன வருஷங்களில் இவருக்குச் சாவி போகவில்லையா? அப்புறம் கொடுக்கிறேன் என்றீர்களே?"

கல்யாணசுந்தரம் இளித்தார்.

"வாங்கியவர் உள்ளே போக முடியாவிட்டால் அது விற்பனையே இல்லை. பதினோரு மணிக்குள் முடிக்க வேண்டும். சாவி."

மணி பத்து ஐம்பது. கல்யாணசுந்தரத்தின் இடுப்பு வளையத்திலிருந்து சாவி கழன்றது.

"மொத்த மைதாவுக்கும் மொதலாளி இனி நம்ம வசந்தாதாண்ணே!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார் குக் பன்னீர்செல்வம். "தாயி, எட்டு நாளைக்கு பரோட்டா போட்டுக்கவா?"

வசந்தகுமாரி கையெழுத்துப் போட்டாள். பட்டியலின் கீழே சாட்சிக் கையெழுத்தைக் கல்யாணசுந்தரம் டீ குடித்தபடி முன்னாடியே போட்டிருந்தார்.

ஸ்டோர் ரூமைத் திறந்து உள்ளே போனாள். ஒரேயொரு பிஸ்கட் டின்னோடு வெளியே வந்தாள். நீல டின், டேப் ஒட்டியது.

"ஏய், அத வை! அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல!"

"பட்டியல்ல பதினஞ்சாவது வரி சார். நீல டின் ஒண்ணு, உள்ளே இருப்பது உட்பட. கீழே உங்க கையெழுத்து. படிச்சுப் பாக்கலையா?"

டேப்பைக் கிழித்தாள். உள்ளே பிஸ்கட் இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட பதினொரு பாஸ்போர்ட்.

தன்னுடையதை எடுத்துக்கொண்டு டின்னைப் பன்னீர்செல்வத்தின் பக்கம் தள்ளினாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ராஜிக் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

ரப்பி கல்யாணசுந்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டார். "எட்டு நாள் கழித்து எங்களுக்குத் திருப்பி விற்பீர்களா? கட்டாயமில்லை. உங்கள் பொருள்."

"ஃபோன் பண்ணுங்க. மாவை விற்பேன். டின்னை மாட்டேன்."

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பின்னால் கல்யாணசுந்தரம் கத்திக்கொண்டிருந்தார். அவள் டாக்சிக்குக் கையைக் காட்டினாள்.

போன திங்கட்கிழமை பட்டியலுக்காக டின்களை எண்ணியபோது, ஃபோன் வந்து அவர் இரண்டு நிமிஷம் வெளியே போயிருந்தார். அப்போதே டேப்பைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிவிட்டாள். அன்றைக்கு எடுத்திருந்தால் அது திருட்டு.

மதுரைக்கு டிக்கெட்டை மட்டும் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டாள். போவதற்கு மட்டும்.