பேச்சி புதைக்கிற மீனு

"யத்தே, அந்தம்மா இன்னைக்கும் மீனைப் புதைக்குது. சீக்கிரம் வாங்க."

என் மருமக கீர்த்திகா மதில் பக்கத்துல நின்னு கூப்பிட்டா. மாசம் ஏழு அவளுக்கு. இதையெல்லாம் பாக்காதட்டின்னா கேக்கணுமே! அவ அம்மாக்காரியும் இப்பிடித்தான், சாத்தூர்ல எங்க சத்தம் கேட்டாலும் முத ஆளா போயி நிப்பா. சரி, அது கிடக்கட்டும்.

எட்டிப் பாத்தேன். இருட்டப் போகுத நேரம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேப்பமரத்தடியில குத்தவச்சு உக்காந்திருக்கா. கையில பாறை மீனு. மேல ஒரு கீறல் கிடையாது. அருவாமனையில வயித்தைக் கீறுனா பாருங்க, உள்ள பூரா ரத்தம் கட்டிக் கிடக்கு. விரலை விட்டு நடுமுள்ளைத் தடவுனா. முள்ளு துண்டு துண்டா ஒடிஞ்சு கையோட வந்துச்சு.

அதைப் பாத்துட்டு அவ சிரிச்சா.

முள்ளு முழுசா இருந்தா அழுதுகிட்டே குழம்பு வைப்பா. ஒடிஞ்சிருந்தா சிரிச்சுக்கிட்டே புதைப்பா. எங்க வீட்டுப் பூனை கருவாட்டுத் தலைக்கு உசுரை விடும், அந்த மண்ணுப் பக்கம் மட்டும் போகாது.

"செய்வினைதான் யத்தே. மகன் போலீசுல சிக்கக் கூடாதுன்னு வைக்கா."

இருந்தாலும் இருக்கும். அவ மகன் பாண்டிராஜ் இங்கன வெடி கம்பெனியில மருந்து கலக்குற ரூம்ல வேலை பாத்தவன். சீசன் முடிஞ்சதும் கடக்கரைப் பக்கம் ஓடிட்டான். கடல்ல குண்டு போட்டு மீனு புடிக்கிற திருட்டுக் கூட்டத்துக்குக் குண்டு கட்டிக் குடுக்கானாம். ஒரு குண்டு போட்டா குஞ்சு குருமானோட செத்து மிதக்குமாமே!

வைகாசியில பேச்சி வீட்டுக்கு ஜீப்பு வந்துச்சு. ஒருத்தரு நம்ம கடலோரக் காவல் ஆபீசரு. கூட வந்தவரு இலங்கைக் கடற்படையாம். அவரும் தமிழுதான் பேசுனாரு, கேக்க அம்புட்டு நல்லாருந்துச்சு. நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். அன்னைக்குன்னு பாலு திரிஞ்சுபோயி... அது வேற கதை.

"நாங்க தேடுனா குண்டு போடுற படகு அந்தப் பக்கம் போயிருது. அவங்க தேடுனா இந்தப் பக்கம் வந்துருது. அதனால ரெண்டு நாடும் சேந்து தேடுறோம். உங்க மகன் எங்கம்மா?"ன்னு கேட்டாரு நம்ம ஆபீசரு.

"தெரியாதுய்யா"ன்னா பேச்சி. போன் நம்பரைக் குடுத்துட்டுப் போயிட்டாக.

அன்னையில இருந்துதான் தினம் மீனு வாங்குதா. மொபட்டுல மீனு கொண்டுவர நூகு பாய் கூட ஒருநாள் சடைச்சுக்கிட்டாரு.

"எந்தக் கரை மீனு, எந்தக் கரை மீனுன்னு தினம் கேக்கீகளே பேச்சியக்கா, மீனுக்கு ஆதார் கார்டா வாங்கி வச்சிருக்கேன்?"

ஆனா சொல்லிட்டுத்தான் போவாரு.

இன்னைக்கு விடுறதில்லைன்னு அவ வீட்டுக்குள்ள போனேன். புள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்குப் பக்கத்துல செய்வினையாவது ஒண்ணாவது. வெளக்குப் போடலை. வீடு பூரா கடல் வாடை. மூலையில அவ மொகம் மட்டும் போன் வெளிச்சத்துல பச்சையாத் தெரிஞ்சுச்சு.

"ஏட்டி பேச்சி..."

ரத்தக் கையைத் தூக்கி 'பேசாத'ன்னு காட்டுனா.

"ஐயா, ஆமத்தூர் பேச்சியம்மா பேசுதேன். இன்னைக்கு மீனுல முள்ளு ஒடிஞ்சிருக்கு. உப்பளத்துக்குத் தெக்க உள்ள கரையில ஏலம் எடுத்ததாம். அங்கனதான் எங்கயோ இருக்கான். வளைச்சுப் புடிங்க. சுட்டுறாதீக ஐயா. அந்த நாட்டுக்காரகிட்டயும் சொல்லிருங்க."

போனை வச்சா.

"அடிப்பாவி, பெத்த மகனையா காட்டிக் குடுக்கே? பெறகு எதுக்குட்டி சிரிச்சே?"

"முள்ளு ஒடிஞ்சிருந்தா அது குண்டுல செத்த மீனு, அவன் இன்னும் உசுரோட குண்டு கட்டுதான்னு நெனைச்சுக்கிடுவேன் மதினி. நல்ல மீனா வந்தாத்தான் பயமா இருக்கும்."

"அதுக்காக செயிலுக்கா அனுப்புவே?"

பேச்சி கையைச் சேலையில தொடைச்சா.

"இவன் அப்பாவை மருந்து ரூம் வெடிச்சன்னைக்கு ஒரு சாக்குல அள்ளிக் குடுத்தாக. இவன் கம்பிக்கு அந்தப் பக்கம்னாலும் கையும் காலுமா நிப்பான்ல மதினி?"