ஏத்துக்காத டிஸ்க்

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை நடத்திவந்தாள் கயல்விழி. அவிநாசி பூபதி அதே பழைய ஹார்டு டிஸ்க்கோடு மறுபடியும் வந்து நின்றான்.

“ஏனுங்க, இன்னமும் என் கம்ப்யூட்டர் இதை ஏத்துக்க மாட்டேங்குதுங்க.”

“மில்லுல பெரிய சர்வர் மெஷின்ல ஓடின டிஸ்க்குங்க. அதுல தகவல் எழுதற ஒவ்வொரு பிளாக்கும் 520 பைட். நம்ம கம்ப்யூட்டருக்கு 512தான் ஆகும். இன்னொருக்கா அடியிலிருந்து ஃபார்மட் பண்ணோணும். சாயங்காலம் ஆயிருமுங்க.”

“ஆகட்டுங்க, இருந்தே வாங்கிக்கறேன்.”

வழக்கம்போல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். டீ வந்தது. பேச்சு சினிமா, மழை என்று எங்கெங்கோ போனது.

சாயங்காலம் டிஸ்க்கை நீட்டியவள், “இந்தத் தடவை நானே உங்க ஊட்டுக்கு வந்து மாட்டித் தாரேனுங்க” என்றாள்.

பூபதி டிஸ்க்கை வாங்காமலே எழுந்து நின்றான்.

“மன்னிச்சுக்கோங்க. ஊட்டுல கம்ப்யூட்டரே இல்லீங்க. இங்க வந்து உக்காரத்தான் பழைய இரும்புக் கடையில இதை வாங்கினேன். ஓடலைன்னு சொன்னது பொய்யுங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்லீங்க.”

கயல்விழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“குறை இருந்துச்சுங்க. நீங்க திரும்பி வரோணும்னு ஒவ்வொரு தடவையும் 520லயே ஃபார்மட் பண்ணிக் குடுத்தேன். இன்னிக்குத்தான் 512 போட்டேன், உங்க ஊட்டைப் பாத்துப்போடலாம்னு!”