நாத்தனார் முடிச்சு

மஞ்சள் கயிற்றைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ரேச்சல் திரும்பி உட்கார்ந்தாள். செம்பட்டை முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, கட்டுங்கள் என்று பின்னால் சைகை காட்டினாள்.

ராமலட்சுமிக்குப் பகீரென்றது. கல்யாணம் ஆகாத பிள்ளை கழுத்தில் மஞ்சள் கயிறா?

அமெரிக்காவில் பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் மருத்துவ ஊழியத்துக்கு வந்து, ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சர்ச் மண்டபத்தில் ஒரு மாதமாக முகாம் போட்டிருக்கிறார்கள். காலையில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு. அதன்பிறகு சாயங்காலம் வரை முழங்கால், முதுகு, வாதத்தில் விழுந்த கை கால்.

ராமலட்சுமியின் வலது கை ரேச்சல் பங்குக்கு வந்தது.

அது விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தம்பி தங்கப்பாண்டிக்கு மணியாச்சியில் பெண் பேசி உறுதி செய்த ஒன்பதாம் நாள்.

இந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று முதல் நாளே ரேச்சல் கேட்டாள். நர்ஸ் உமாதேவிதான் மொழிபெயர்ப்பு. சோறு பிசைய, தலை சீவ என்று ஏதாவது வரும் எனப் பேனாவோடு காத்திருந்தவளிடம், ரெண்டு முடிச்சுப் போட வேண்டும் என்றாள் ராமலட்சுமி.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போடுவது. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆடு மேய்த்து வளர்த்தவள் அவள். சித்தப்பா மகள் போடட்டுமே என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். முடிச்சு நழுவினால் சகுனத்தடை என்ற பயம் அவர்களுக்கு. அதைக் கேட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஆடு கட்டும் கயிற்றில் பழக்கினாள் ரேச்சல். பிறகு தன் ஷூ லேஸை உருவிக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை நாள் முழுக்க ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. கடைசியில் நாற்காலிக் காலில் மெல்லிய நூலிலேயே முடிச்சு விழுந்தது.

அப்போதுதான் ரேச்சலுக்கு அடுத்த யோசனை. கல்யாணத்தில் கழுத்து இந்த நாற்காலிக் கால் மாதிரி அம்போவென்று கிடக்காதே. முடி இருக்கும், பூ இருக்கும், மாலை இருக்கும். பஜாரில் போய் நிஜ மஞ்சள் கயிறே வாங்கி வந்துவிட்டாள். நாளை மறுநாள் அவர்களுக்கு விமானம்.

"மாப்பிள்ளை இல்லாம வெறும் கயிறுதான, அதுக்கு ஏன் பயப்படுதீங்கன்னு கேக்கா. சும்மா போடுங்கக்கா," என்றாள் உமாதேவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுடலைமாடனை நினைத்துக்கொண்டு ராமலட்சுமி கயிற்றைப் பிடித்தாள். கட்டைவிரல் சொன்ன பேச்சுக் கேட்டது. ஆள்காட்டி விரல் அடம் பிடித்தது. செம்பட்டை முடி வேறு குறுக்கே வந்து விழுந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. வந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளை முடிச்சையும் சேர்த்து மூன்றாகப் போட்டுவிட்டாள்.

ரேச்சல் முன்பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்போது கயிறு தலை வழியாகக் கழலவும் இல்லை. மாணவன் ஒருவன் கத்தரிக்கோலோடு வந்தான். ராமலட்சுமி அவன் கையைத் தட்டிவிட்டாள். எந்தக் கையால் தட்டினோம் என்று அவளே கவனிக்கவில்லை. கழுத்தில் ஏறின மஞ்சளில் இரும்பு படக் கூடாது. போட்ட கையே அவிழ்க்கட்டும்.

அவிழ்ப்பது போடுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது அவளுக்கு. அந்த நிறைவிலும் மணியாச்சிக்காரர்களைத் திட்ட மறக்கவில்லை. உறுதி செய்து ஒன்றரை வருஷமாக, நாள் குறிக்காமல் தவணை கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். தங்கப்பாண்டிதான் ஒவ்வொரு முறையும் வந்து சொல்வான். என்ன மனுசர்களோ.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது.

அவளைக் கூட்டிப்போக வந்த தங்கப்பாண்டி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்வீட்டுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தான்.

"மாமா, அக்கா முடிச்சுப் போட்டுட்டா. நான் கேட்டுக்கிட்டேன்னு இத்தன நாளு பொறுத்துக்கிட்டிய. இனி நாள் குறிச்சிருங்க."

ராமலட்சுமியின் விரல்கள் மூன்றாவது முடிச்சில் அப்படியே நின்றுவிட்டன.

கை வலிக்கிறதா என்று ரேச்சல் திரும்பாமலே இங்கிலீஷில் கேட்டாள்.

உமாதேவி அதை மொழிபெயர்க்கவில்லை.