நாலு தையல்

அவன் கட்டிலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது முன்கை. நாலு தையல். மேலே வெள்ளைக் கட்டு.

தையல் போட்ட டாக்டரம்மா சின்னப் பெண். எப்படி வெட்டினான் என்று கேட்டாள். எதிரே நின்று வீசினான் என்றான். அவள் காயத்தை ஒருமுறை பார்த்தாள், அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது காயம். பிறகு குனிந்து, அவன் சொன்னதையே எழுதிக்கொண்டாள்.

போலீஸ்காரன் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான், வேறென்ன செய்வாள்.

கில்பர்ட் கீழே கைதிகள் வார்டில் கிடக்கிறான். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவன். வலது காலில், முழங்காலுக்குக் கீழே குண்டு.

நேற்று அந்த கில்பர்ட்டை ஐஸ் கம்பெனி மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தது அவன்தான்.

மீன் ஏலத்தில் வாய்த்தகராறு முற்றிப்போய், கில்பர்ட் ஒரு வியாபாரியின் தோளில் கத்தியை இறக்கிவிட்டு மாடியில் ஏறிக்கொண்டான். வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் கவுன்சிலரின் மச்சான். கீழே இரண்டு ஜீப் வந்து நின்றது. மேலே ஏறத்தான் ஒருத்தருக்கும் மனசில்லை. மூன்று வருஷமாக மார்க்கெட்டில் ரோந்து பீட் பார்க்கிறவன், நீ போ என்று அவனைத் தள்ளிவிட்டார்கள்.

ஏறும் முன் இன்ஸ்பெக்டரிடம் கேட்டான், இறங்கி வந்தால் கை வைக்கக் கூடாது சார் என்று.

வைக்க மாட்டேன், போய்யா என்றார். தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

மாடியில் கில்பர்ட் கத்தியும் கையுமாக நின்றான். உன்மேல் ஒரு அடி விழாது, நான் பொறுப்பு என்று அவன் சொன்னான்.

மீன் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும் என்பார்கள். தரையில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்திலும் கில்பர்ட் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"எடுத்துக்கிடுங்கண்ணே. நமக்குள்ள ஒண்ணும் வந்துரக் கூடாது."

அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

இன்று காலை ஆறு மணி. உப்பளத்துப் பக்கம் ஜீப் நின்றது. கத்தியை ஒளித்துவைத்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போகிறோம் என்று பேச்சு. கத்திதான் நேற்றே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதே என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. போட்டோ எடுக்கவாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். மடையன்.

அந்தக் கத்தியை எடு என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜீப்பில் கிடந்த பையிலிருந்து எடுத்து, அவர் கையிலேயே கொடுத்தான்.

வெடிச் சத்தம் ஒன்றுதான். கில்பர்ட் உப்புப் பாத்தியில் விழுந்து "அண்ணே, அண்ணே" என்று கத்தினான். இன்ஸ்பெக்டரை அவன் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை.

"அடிபட்ட போலீஸ் ஒருத்தன் வேணும்லா. இல்லாட்டி கோர்ட்டுல கேப்பாங்க. கைய நீட்டு, இசக்கி" என்றார் இன்ஸ்பெக்டர்.

நீட்டினான்.

அவன் கட்டைத் தடவிப் பார்த்தான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள். அவன் வாயால் கில்பர்ட்டை இறக்கிவிட்டு, அவன் கையாலேயே கேஸையும் ஜோடித்துவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவனும் காட்டிக்கொண்டு நின்றான்.

நாலு மணிக்கு ஸ்டேஷன் ரைட்டர் வாக்குமூலத்தோடு கையெழுத்து வாங்க வருவார். போட்டால், போலீஸைக் கொல்லப் பார்த்தான் என்று கில்பர்ட் பத்து வருஷம் உள்ளே. போடாவிட்டால் இவன் வேலை போகும். வேலை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தானாகத்தான் வாய் வரவில்லை. யாராவது நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லிவிடலாம்.

மூன்றரைக்கு பிலோமி அக்கா வந்தாள். கில்பர்ட்டின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவள்.

கேட்கத்தான் வருகிறாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் கட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தூக்குவாளியை ஸ்டூலில் வைத்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"சோறு போட்ட கை மாதிரி நெனச்ச கையப் போயி வெட்டியிருக்கானே பாவி. பால்சுறா புட்டு கொண்டாந்திருக்கேன் தம்பி. சாப்பிடுங்க, தையல் சட்டுனு ஆறும்."

அவன் தூக்குவாளியைப் பார்த்தான்.

"கீழ அவனப் பாத்துட்டுத்தான் வாரேன். கத்தி எங்கையிலயே இல்லக்கா, அண்ணங்கிட்ட கேளுங்கான். அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்கான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. அடிபட்டுக் கெடக்கான்னுகூட யோசிக்கல, ஓங்கி ஒண்ணு விட்டேன்."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரைட்டர் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நான் கேக்க மாட்டேன் தம்பி. இந்தக் கையப் பாத்த பெறகும் ஒங்ககிட்ட அதக் கேட்டா, நான் மனுஷியா?"



"அக்கா" என்றான்.

அவள் கிட்டே வந்து குனிந்தாள். சொல்லுங்க தம்பி என்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."